ஹெட்போனில் மட்டும் கேட்டது

ரிசப்ஷன் களைகட்டியிருந்த நேரத்தில் மண்டபத்து ஸ்பீக்கர் நாலும் படக்கென்று ஊமையாகிவிட்டன.

மேடை சோபாவில் தங்கை செபாஸ்தியம்மாளோடு பேசிக்கொண்டிருந்த ஆனந்தமேரிக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை ராபினின் அம்மா அவள். டிஜே வைத்து ரிசப்ஷன் நடத்துவது சொந்தத்திலேயே நாங்கள்தான் முதல் என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தாள். சற்று முன்தான் மைக்கைப் பிடித்து, "எனக்கு மருமக வரல, மக வந்திருக்கா" என்று பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போது பார்த்தா அந்த டிஜேக்காரன் இப்படி மானத்தை வாங்குவான்?

விறுவிறுவென்று இறங்கி டிஜே மேஜைக்குப் போனாள். முடியைச் செம்பட்டையாக்கி, காதில் ஹெட்போனும் வாயில் சூயிங்கமுமாக நின்றுகொண்டிருந்தான் அப்பாஸ்.

"ஏம்ப்பா, என்னாச்சு?"

"சின்னக் கோளாறும்மா. செத்த நேரத்துல சரியாயிரும்."

அவன் ஒயரைப் பிடுங்கினான், திரும்பச் செருகினான். லேப்டாப்பைப் பார்த்தான். ஆனால் அடிக்கொருதரம் அவன் கண் மேடைக்கே போய்ப் போய் வந்தது.

மேடையில் மணப்பெண் ஐரின், அவள் அப்பா சூசைமுத்துவோடு நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனந்தமேரிக்கு ரத்தம் கொதித்தது.

"வேலையப் பாருய்யா! மேடையில என்ன பார்வை? ஆமா, ஒன் காதுல சத்தம் வருதா, வரலையா?"

"ஹெட்போன்ல வருதும்மா. வெளியத்தான்..."

"ஹெட்போன்ல வந்தா நீ ஆடு! நாங்க எதுக்கு இம்புட்டுப் பேரு?"

பந்தியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

அவன் விரலுக்குக் கீழே ஒரு பெரிய திருகு முழுக்கக் குறைந்திருப்பதை ஆனந்தமேரி பார்த்துவிட்டாள். வீட்டு ரேடியோவில் சத்தம் கூட்டத் தெரியாதவளா அவள்?

"அடப்பாவி, சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிட்டா கோளாறுங்குற? தள்ளு, நானே வைக்கிறேன்."

கையை நீட்டினாள்.

அப்பாஸ் லபக்கென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

இத்தனை பேர் பார்க்க, அந்நிய ஆம்பளை, கையைப் பிடிக்கிறான்!

"விடுறா கைய!"

"தொடாதீங்கம்மா. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், தொடாதீங்க. மொதல்ல இதக் கேளுங்க."

ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தான்.

பாட்டு எதுவும் இல்லை. யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். செபாஸ்தியம்மாளின் குரல்! காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல அத்தனை தெளிவாக.

"...அக்கா சொன்னதுல என்ன தப்பு? நிலக்கோட்டையில பூ மூட்ட தூக்குனவனுக்கு இம்புட்டுப் பெரிய சம்பந்தமா? அதுவும் அந்தக் கருவாச்சிக்கு..."

ஆனந்தமேரி வெடுக்கென்று மேடையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை பக்கத்தில் இருந்த யாரிடமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் அருகில் சோபா மெத்தை மேல் கிடந்தது கார்ட்லெஸ் மைக். ஆனந்தமேரி பேசிவிட்டு வந்து வைத்த மைக்.

"அணைக்காமலே வச்சுட்டீங்கம்மா," என்றான் அப்பாஸ் மெதுவாக. "மைக்க மட்டும் நிறுத்துற திருகு மக்கர் பண்ணுது. அதான் மொத்தமா அமுக்கிட்டேன். இப்பத் தொறந்தா ஊருக்கே கேக்கும்."

ஆனந்தமேரி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

தங்கை பேசியதெல்லாம் ஒன்றுமே இல்லை. அதற்கு முன்னால் ஆனந்தமேரியே அல்லவா பேசினாள்! 'ராபின் ஒத்தக்கால்ல நின்னான், இல்லாட்டி இந்தப் பிச்சக்காரக் குடும்பத்துல கைய நனைப்பேனா? ஒரு வருசம் போகட்டும், அவள அவ அப்பன் வீட்டுக்கே பத்தி விடுறேன்.' சிரித்துச் சிரித்துச் சொன்னாளே!

அது ஸ்பீக்கரில் வந்திருந்தால்? எதிரே சூசைமுத்துவின் சனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ராபின் இருந்தான். பங்குச்சாமியார் இருந்தார்.

எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மைக்கை எடுத்து அணைத்தாள். மறு நிமிஷம் ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. சனங்கள் கைதட்டினார்கள்.

திரும்பவும் மேஜைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, எல்லார் முன்னாடியும் ஒன்ன அம்புட்டுப் பேசிட்டேன். மன்னிச்சுருப்பா. நீ மட்டும் அந்நேரம் கேட்டு நிறுத்தலைன்னா எங்குடும்பமே சந்தி சிரிச்சிருக்கும்."

அப்பாஸ் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"நான் எங்கம்மா கேட்டேன்? அடுத்த பாட்ட ஹெட்போன்ல போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். வெளியில பாட்டுச் சத்தத்துல ஒங்க பேச்சு அமுங்கிப்போச்சு. அந்தப் பாட்டு முடியப்போற நேரம், ஒங்க சோபாவுக்குப் பின்னாடி நின்ன கல்யாணப் பொண்ணுதான் ஓடி வந்துச்சு. 'அண்ணே, எங்க அத்த பக்கத்துல மைக் ஆன்ல இருக்கு, மொதல்ல நிறுத்துங்க, அவங்களுக்கு அசிங்கமாயிரும்'னு அழுதுக்கிட்டே சொல்லிட்டுப் போச்சும்மா."