வெட்டாத மடிப்பு

கல்வெட்டுக்குக் கம்பி போடுவதா, நூல் போடுவதா என்று அச்சுக்கூடத்துக் கிரிகரி கேட்டபோது, வாசுவின் அப்பா உயிரோடுதான் இருந்தார்.

நாலு தெரு தள்ளி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அரைக் கரண்டிக் கஞ்சியை விழுங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தார்.

வாசு அதைச் சொல்லவில்லை. "கூட்டாளி ஒருத்தன்ர தேப்பனுக்கு, அண்ணே" என்று சொல்லியிருந்தான்.

கடல் தாண்டி வந்த ஊரிலும், யாழ்ப்பாணத்து மனிதர் செத்தால், முப்பத்தோராம் நாள் பந்தியில் சோற்றோடு ஒரு சிறு புத்தகமும் கொடுத்தாக வேண்டும். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். மனைவி புலம்பல், மகன் புலம்பல், மருமகள் புலம்பல் எல்லாம் அதில் வெண்பாவில் இருக்கும். உயிரோடிருந்த காலத்தில் அவரிடம் யாரும் வெண்பாவில் பேசியிருக்க மாட்டார்கள்.

புத்தகம் பிந்தினால் மானம் போய்விடும். தம்புசாமி வீட்டுக் கல்வெட்டு ஆண்டுத் திவசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் இன்னும் பேசுகிறது. தம்புசாமியைத்தான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அதனால் வாசு முந்திக்கொண்டான். எப்.எம்.எஸ். ரயில்வேயில் கிராணி என்ற குமாஸ்தா வேலை. வண்டி வருமுன்பே கைகாட்டி இறங்கியிருக்க வேண்டும் என்பது தொழில் பழக்கம்.

ஆனாலும் காலையில் புறப்படும்போது அப்பாவின் அறைக் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதைக் கடந்து வந்திருந்தான்.

கிரிகரி மாதிரிகளை மேசைமேல் பரப்பினார். மாதா கோயில் பாட்டுப் புத்தகமும் சைவப் புலம்பலும் அவரிடம் ஒரே கொடியில்தான் காயும்.

"கம்பி சுளுவு கிராணி. ரெண்டு குத்து, வேலை முடிஞ்சிது. ஆனா நம்ம ஊரு மழைக்குச் சீக்கிரமே துரு ஏறிடும்லா. அழுத கண்ணீரெல்லாம் காப்பிக் கறையாட்டம் ஆயிடும்."

"நூல்?"

"நூலு நிக்கும். பேரப் பிள்ளைங்க பிச்சாத்தான் உண்டு."

"நூலே போடுங்கோ."

நீடித்து இருக்கட்டும் என்று அப்பா விஷயத்தில் வாசு நினைத்தது நெடுநாளைக்குப் பிறகு அந்தத் தையலைத்தான்.

அட்டைக்கு வெறும் தடித்த தாள் போதுமா, துணி ஒட்டுவதா என்று அடுத்த கேள்வி. கறுப்புக் கலிக்கோ துணி என்றான். அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் அம்மா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். சண்டை எதற்காக வந்தது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. சண்டை மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

கிரிகரி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "தவறினது என்னைக்கு?"

வாசு கூரை ஓட்டைப் பார்த்தான். "தேதியைப் பிறகு சொல்லுறன். இடம் விட்டு வையுங்கோ."

"சரி சரி. கூட்டாளியோட அப்பா நிதானமானவரு போல."

வாசுவின் காது சுட்டது.

கிரிகரி சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பலகைத் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து வைத்தார். நூல் தைப்பு. கறுப்புக் கலிக்கோ. உள்ளே முதல் பக்கத்தில் அமரர் கார்த்திகேசு என்று இருந்தது. அதன் கீழே தேதிக்கு இடம் விட்டிருந்தது.

அது வாசுவின் அப்பா பெயர்.

"படுக்கையில விழறதுக்கு முன்னாடி அவரே நடந்து வந்தாரு. நூலுதான் வேணும், கறுப்புத் துணிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அப்பனுக்கும் மவனுக்கும் ஒரே புத்தி, போங்க."

வாசு புத்தகத்தைக் கையில் எடுத்தான். பிறகு புரட்டினான்.

மனைவி நல்லம்மாள் புலம்பல். மருமகள் புலம்பல். அடுத்த பக்கத்தில், பூக்கரை போட்டு, நடுவில் பெரிதாக: மகன் வாசு புலம்பல்.

தாளைத் திருப்பப் போனான். முடியவில்லை. அந்தத் தாளும் அடுத்த தாளும் ஓரத்தில் மடிப்போடு ஒட்டியே இருந்தன. அதற்கப்பால் நன்றி நவிலல் வந்துவிட்டது.

"இதை வெட்ட மறந்துபோனீங்கள், அண்ணே."

"மறக்கல. வெட்டுற மெசின்ல குடுத்தா எல்லா ஓரமும் போயிடும், கத்தியால ஒன்னொன்னா வகிருங்க, இத மட்டும் விட்டுடுங்கன்னாரு. அரகுறையாத் தெரியும்யான்னேன். கேக்கல."

வாசுவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை காலம் அம்மா மூலமாகச் சொல்லி அனுப்ப முடியாத வசவையெல்லாம் உள்ளே அச்சடித்து வைத்திருக்கிறார். ஊரறிய வேண்டாம் என்று மடித்தும் வைத்திருக்கிறார். கிடைக்கட்டும் என்று நினைத்தான். மூச்சு நிற்குமுன் புத்தகத்துக்குத் துணி தேடி வந்தவனுக்கு எது கிடைத்தாலும் தகும்.

மேசைக் கத்தியை அவனே எடுத்தான். கிரிகரியின் கை தடுக்க வந்தது. பாதி வழியில் காதைச் சொறியப் போய்விட்டது.

மடிப்பு சுலபமாகப் பிரிந்தது.

உள்ளே இரண்டு பக்கமும் வெறும் தாள்.

தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ஓர் எழுத்துக்கூட இல்லை.

"பந்தியில எவன் கத்தி எடுத்துப் பிரிச்சுப் பாக்கப்போறான், தலைப்பப் பாத்துட்டு மவன் நல்லாத்தான் அழுதிருக்கான்னு போயிடுவான்னாரு" என்றார் கிரிகரி, மேசையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு. "புலவர்கிட்டச் சொல்லி மவன் பேருல நாலு வெண்பா எழுதி வாங்கிடலாமேன்னு நாந்தான் கேட்டேன்."

வாசு கத்தியை மேசைமேல் வைத்தான்.

"வேண்டாம், விடும்னாரு. அவனுக்குப் பொய் சொல்ல வராதாம்."