ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

கதவைத் திறந்தபோது அவன் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தான்.

கார் வந்த சத்தம் கேட்கவில்லை.

அவள் அவன் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். வெள்ளைக் கார் நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் உற்றுக் கேட்டால்தான் தெரிந்தது.

“புது சைலன்சர் போட்டுட்டேன்,” என்றான். “தெருவுல ஒருத்தருக்கும் தெரியல பாத்துக்க.”

சிரித்தான். போய் என்ஜினை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அவள் காபி போட உள்ளே போனாள்.

இளவயதில் ஆசைப்பட்டு, உள்ளே தடுப்பே இல்லாத தடித்த புகைக்குழாய் ஒன்றை அந்தக் காருக்கு மாட்டியிருந்தான். வயது ஐம்பதைத் தொட்ட பிறகும் மாற்றவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே சத்தம் தெருவுக்குள் வந்துவிடும். கார் பின்னால்தான் வரும்.

இரண்டு வருடமாக, ஞாயிறுதோறும்.

அவன் கொப்பரை வியாபாரி. கல்யாணம் செய்துகொள்ளாதவன். அவள் கணவனை இழந்தவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

சத்தம் கேட்டதும் உடுமலையின் அந்தத் தெருவில் ஜன்னல்கள் திறக்கும்.

முதலில் கொழுந்தன் பொங்கலுக்கு வருவதை நிறுத்தினான். அப்புறம் மாடியில் குடியிருந்தவர்கள் காரணம் சொல்லாமல் காலி செய்தார்கள். எதிர்வீட்டு மரகதம், கறிவேப்பிலைக்குக்கூட இங்கே வருகிறவள், இவளைக் கண்டால் தண்ணீர் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். மோட்டார் ஓடாத நேரத்திலும்.

அந்த நாட்களில் சத்தம் கேட்டால் அவள் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள்.

பிறகு சாத்துவதை நிறுத்தினாள்.

பிறகு, எப்போது என்று அவளுக்கே தெரியாது, அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினாள். இந்த மனிதன் ஒளிந்து வருவதில்லை. ஊருக்குச் சொல்லிவிட்டு வருகிறான். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

அவன் அப்படி எதுவும் நினைத்திருக்கவில்லை. இன்றைக்குத் தெரிந்தது.

டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

“உனக்குத்தான் சங்கடமா இருக்குமேன்னு பாத்தேன்,” என்றான்.

“நான் சொன்னனா?”

“சொல்லல.”

“எல்லாருக்குந் தெரிஞ்சாச்சு. இனி யாருக்குத் தெரியக் கூடாதுங்க?”

அவன் காபியை எடுத்தான். குடிக்காமல் கீழே வைத்தான். நல்லது செய்ததாக நினைத்து வந்தவனின் முகம் அது. அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

“பழசு எங்கிருக்குது?”

“ஷாஜகான் பட்டறையிலதான். ஓரமாப் போட்டு வெச்சிருப்பான்.”

“எந்திரிங்க.”

காபி அங்கேயே இருந்தது.

பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்த ஷாஜகான் காரைப் பார்த்ததும் மறுபடி கதவைத் திறந்தார்.

“மாட்டி ஒரு வாரங்கூட ஆவலைங்களேண்ணா. ஏதாச்சும் கோளாறுங்களா?”

அவள்தான் சொன்னாள்.

“கோளாறு ஒண்ணுமில்லீங்க. பழசையே மாட்டிருங்க.”

ஷாஜகான் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார்.

குழாய் சூடாக இருந்தது. ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். பழைய குழாயைச் சுவரோரத்துக் குப்பையிலிருந்து அவனே இழுத்து வந்தான். கரி அவன் வெள்ளைச் சட்டையிலெல்லாம் ஒட்டியது. போல்ட் ஒன்று துருவில் பிடித்துக்கொண்டது. ஷாஜகான் அடியிலிருந்து பிடிக்கச் சொல்ல, அவன் மண்டியிட்டுக் குழாயைத் தாங்கிப் பிடித்தான். அவள் முன்பு அவனை அப்படிப் பார்த்ததில்லை. எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

சாவியைத் திருப்பியதும் பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது.

அவள் முன் சீட்டில் ஏறினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அவன் என்ஜினை அணைக்கப் போனான். அணைக்கவில்லை. பக்கத்து பஸ்ஸிலிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். அவளுக்கு இறங்கி நடந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கைப்பிடியில் விரலும் போனது.

ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள்.

“போலாமா?” என்றான். அது வழி கேட்பது போல இல்லை; அவள் சம்மதத்தைக் கேட்பது போல இருந்தது.

“போங்க.”

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

மரகதம் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே பாத்திரக்காரனிடம் பேசி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போவதற்குள் கார் அவள் பக்கத்தில் வந்து நின்றது. முன் சீட்டில் இருந்தவள் நிறுத்தச் சொல்லித்தான் அவன் நிறுத்தினான்.

கண்ணாடியை இறக்கினாள்.

“அக்கா, இவர் பேரு சென்னியப்பன்.”

மரகதம் குனிந்தாள். காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

“என்ன சொல்றே? ஒண்ணுங் கேக்கல. வண்டிய நிறுத்தச் சொல்லு முதல்ல.”

அவன் சாவியைத் திருப்பி அணைத்தான்.

தெருவில் சத்தமே இல்லை. மாடிகளில்கூட ஆட்கள் நின்றிருந்தார்கள்.

அவள் அந்தப் பேரை இன்னொரு முறை சொன்னாள்.