மதுவந்தியின் கேள்விகள்

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கோ. முழிச்சுண்டு உக்காராதீங்கோ, நேரம் இல்லை" என்றாள் மதுவந்தி.

அனிருத் முழிப்பதை நிறுத்திவிட்டு, தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான். மறுநாள் காலை தி.நகரில் அவனுக்கு ஜாவா சான்றிதழ்ப் பரீட்சை. ஜாவா தெரிந்தவனை விமானம் வைத்துக் கூட்டிப்போன தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. கிண்டியில் அவன் வேலை பார்த்த கம்பெனியில், அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் அமெரிக்கா. ஏற்கெனவே ஒரு தடவை எழுதி மண்ணைக் கவ்வியிருந்தான். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால்தான், இந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை விட்டு நகர மாட்டேன் என்று அடையாறு வீட்டில் அடம் பிடித்துப் பார்த்தான். அம்மா விஜயலக்ஷ்மி மசியவில்லை. மயிலாப்பூரில் மதுவந்தி என்று ஒரு பெண், அவளும் கம்ப்யூட்டர்தான், ரொம்பக் கெட்டிக்காரியாம், கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்று ஆட்டோவில் ஏற்றிக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, மதுவந்தி இதே பரீட்சையைப் போன மாதம் எழுதித் தேறியவள் என்று. அனிருத்துக்குத் தலைகால் புரியவில்லை. போன தடவை கோட்டை விட்டதைச் சொல்லி, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த குறிப்புத் தாள்களை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டான்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று கூட வந்திருந்த அவன் அப்பா சங்கரன் ஹாலில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள் அறையில் மதுவந்தி தாள்களைப் புரட்டி, பாதியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இதெல்லாம் வராது. த்ரெட்லேர்ந்துதான் நிறையக் கேக்கறா. அதைத் தொட்டேளா?"

"பயந்துண்டு அப்படியே விட்டுட்டேன்."

"போன தடவை அங்கேதான் மார்க் போயிருக்கும்."

அங்கேதான் போயிருந்தது. ஒரே புரோகிராம் ஒரே சமயத்தில் பல வேலைகளைப் பார்ப்பதற்குத்தான் த்ரெட் என்று பெயர். அவள் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். ஒரே அடுப்பு, சமைக்க இரண்டு பேர். ஒருத்தர் வாணலியை வைத்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். முடித்தவர் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் இருவருமே பட்டினி. புத்தகத்தில் பூதமாகப் பயமுறுத்தியது இவ்வளவுதானா என்று அனிருத் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு கேள்விகள் சரமாரியாக வந்தன. தப்பாகச் சொன்னால் தலையில் அடித்துக்கொண்டாள். சரியாகச் சொன்னால் அடுத்ததற்குத் தாவினாள். பாராட்டு மட்டும் மருந்துக்கும் கிடைக்கவில்லை. அவன் கவலைப்படவே இல்லை. பத்தில் எட்டு சரியாக வந்துகொண்டிருந்தது.

ஒரு கேள்விக்கு அவன் சொன்ன விடை தப்பு என்று அவள் சாதித்தாள். அனிருத் விட்டுக்கொடுக்கவில்லை. தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, ஒவ்வொரு வரியாக நடத்திக் காட்டினான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமா. நான்தான் தப்பு" என்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதற்குள் ஹாலிலிருந்து அப்பா கூப்பிட்டுவிட்டார். தாள்களை வாரிக்கொண்டு, வாய்க்குள் த்ரெட்டை முணுமுணுத்தபடியே அனிருத் வெளியே வந்தான்.

"என்னடா, பேசினியா? என்ன சொல்றே?" என்றார் சங்கரன்.

"கண்டிப்பா பாஸ் பண்ணிடுவேம்பா."

விஜயலக்ஷ்மி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"அசடே, பொண்ணைப் பிடிச்சிருக்கான்னு கேக்கறார்டா."

அனிருத் திரும்பிப் பார்த்தான். மதுவந்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. ரொம்பப் பிடித்துவிட்டது. வேகவேகமாகத் தலையை ஆட்டினான்.

சங்கரனுக்குத் திருப்தி. ஆனாலும் பிள்ளையின் அப்பா உடனே சரி என்று சொல்லிவிட முடியுமா? மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அப்போ ஆத்துக்குப் போய்க் கலந்து பேசிண்டு, ரெண்டு நாள்ல எங்க முடிவைச் சொல்லி அனுப்பறோம்."

"நாளைக்கே அவரைப் போன் பண்ணச் சொல்லுங்கோ மாமா" என்றாள் மதுவந்தி. "பரீட்சை முடிஞ்ச உடனே ஸ்கிரீன்லயே ரிசல்ட் வந்துடும். அதைக் கேட்டுண்டு என் முடிவைச் சொல்றேன்."