வீட்டில் விசேஷம்

"நம்ம குண்டு அப்பாவாகப் போறான்!" வீடியோவில் அம்மாவின் குரல்தான் வந்தது. முகத்துக்குப் பதில் மின்விசிறி தெரிந்தது.

"போனை நேரா பிடிம்மா. யார் சொன்னா உனக்கு?" என்றான் அவன். கல்யாணமாகி, வெளிநாட்டில் வேலையும் ஆகி, வீட்டுக்கு இன்னும் அவன் குண்டுதான்.

"அக்காவுக்கு நீ போட்ட மெசேஜை இப்பத்தான் படிச்சுக் காட்டினா. பெரியம்மாவுக்குக்கூடச் சொல்லிட்டேன்."

நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். "மைக்குல பேசி அனுப்பினியாடா? புள்ளி, கமா ஒண்ணும் கிடையாது. 'அக்கா சாப்பிட்டதும் வாந்தி ரொம்ப நாளா இப்படித்தான் வெளிய சொல்ல வெட்கமா இருக்கு என்ன செய்யறது.' நல்லா கேட்டே போ!"

அவன் காது மடல் சிவந்துவிட்டது. தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஐயே, மூஞ்சியைப் பாரு! இதுல வெட்கப்பட என்னடா இருக்கு? உலகத்துல எத்தனை பேருக்கு இருக்கு!"

சட்டென்று நிமிர்ந்தான். "நிஜமாவாக்கா? நிறைய பேருக்கு இருக்கா?"

"பின்னே? உன் பொண்டாட்டிக்கு மட்டும் அதிசயமாவா வந்திருக்கு?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

"அது என்னடா, விரல் முட்டியில பிளாஸ்திரி?" அம்மா கண்ணைச் சுருக்கினாள்.

"கிடங்குல... பெட்டி உரசிடுச்சும்மா." கை மேஜைக்கு அடியில் போனது.

"அவளுக்கு வாய்க்குப் பிடிச்சதா செஞ்சு போடு. நீ சட்டியோட காலி பண்ணிடாதே குண்டு!"

"அம்மா, அது வந்து..."

கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த மனைவி, பையைக்கூடக் கீழே வைக்காமல் திரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாடி என் தங்கமே! வாந்தி இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கா? வாந்தியா?" அவள் சிரித்தாள். "நான் கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆளாச்சே அத்தை!"

அக்கா தன் போனை எடுத்து, உதடு அசைய மறுபடி படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

"டேய்... இதுல யாருக்குன்னே நீ சொல்லலையே?"

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் பிளாஸ்திரி ஒட்டிய விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டான்.

"எனக்குத்தான்க்கா. தொண்டைக்குள்ள விரலை விட்டு நானேதான் வாந்தி எடுக்கறேன்."