ஒற்றை இட்லிப் பந்தி

"கல்யாணப் பந்தி ஒண்ணைத் தனியாளா காலி பண்ணிட்டேன்" என்று புற்றுநோய் வார்டே கேட்க அறிவித்தார் தில்லைநாயகம். மருந்து ஏறத் தொடங்கியதிலிருந்து சோற்று வாசனைக்கே குமட்டுகிறவர். இன்றும் வயிற்றில் எதுவும் தங்காவிட்டால் மூக்கில் குழாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"புளுகாதடா" என்ற அக்கா கோமளவல்லி, தான் ஆவி பறக்கக் கொண்டுவந்த ஒற்றை இட்லியைத் தலையணைக்கடியில் தேடினாள்.

"அந்தச் சூட்டு வாசனைதான்க்கா எனக்கு எமன். ஃபேனுக்கடியில ஆறப்போட்டு, தயிரோட முழுங்கிட்டேன்."

எப்படியும் வெளியே வரும் என்று வாந்திக் கிண்ணத்தை அவர் மோவாய்க்கடியில் பிடித்தபடி உட்கார்ந்தாள். மதியம்வரை வந்தது ஒரே ஒரு ஏப்பம். அதில் ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது.

"ஐயா எவ்வளவு சாப்பிட்டாங்க?" என்றாள் நர்ஸ்.

ஈரம் படாத கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள் அக்கா. "என் தம்பி ஒரு பந்தியையே முடிச்சிட்டான்மா."