ஏணிப் பயிற்சி

வீட்டில் முதியவர் யார் என்று கேட்டால் மகனைப் பெற்றவளைக் காட்டுவார்கள். மருமகளைப் பெற்றவள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

செம்பூர் மருத்துவமனை ஒன்றின் முதியோர் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட் ஷ்ருதியும் அவளைப் பற்றி விசாரிக்கவில்லை. எதிரே நின்ற மகனைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், அம்மைக்கு ஏணி ஏறச் சொல்லிக் குடுங்க,” என்று கேட்டிருந்தான் இசக்கிப்பாண்டி. “தாராவி வீடுல்லா. கீழ ஒரு ரூம், மேல பரண் கணக்கா ஒரு மாளா. இரும்பு ஏணி, நட்டமா நிக்கும். பிடிச்சு ஏற ஒரு கயிறு தொங்குது.”

அவன் அம்மா தங்கமயில் இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, வாக்கரை விட்டு நடக்கத் தொடங்கியதே அந்த வாரம்தான்.

“அம்மா கீழேயே படுக்கட்டும். நீங்க மேல போங்க.”

“நாங்க எல்லாரும் மேலதான். கீழ வந்து…”

“வாடகைக்கு விட்டிருக்கீங்க, அப்படித்தானே? அதுக்காகப் பெத்தவளைப் பரண்ல ஏத்துவீங்க. வெட்கமா இல்லை?”

கூடத்தில் கைகால் நீட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இசக்கிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏணி இல்லாத வீடா பாருங்க. அதுவரைக்கும் டிஸ்சார்ஜுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.”

“ஏட்டி டாக்டரு,” என்றாள் தங்கமயில். “அவன எதுக்கு ஏசுத? ஏணி கேட்டது நாந்தான்.”

“மகனை விட்டுக்கொடுக்க மாட்டீங்களே! விழுந்தா மறுபடி ஆபரேஷன். கீழே படுக்க உங்களுக்கு என்ன?”

“கீழ எம் மருமவளப் பெத்தவ கெடக்கா. வாதம். எனக்குக் காலு மட்டுந்தான் போச்சு, அவளுக்கு ஒரு பக்கமே போச்சு. ரெண்டு பேர்ல யாரு ஏணி ஏறணும்? நீயே சொல்லு.”

ஷ்ருதி கேஸ் தாளை எடுத்துப் புரட்டினாள்.

“ஒங்க அம்மை எங்க இருக்காவ?” தங்கமயில் சும்மாதான் கேட்டாள்.

“உல்லாஸ்நகர்ல.”

“ஆரு கூட?”

“நாளைக்கு ஏணி வரவழைக்கிறேன்,” என்றாள் ஷ்ருதி.

வரவழைத்தாள். சொல்லியும் கொடுத்தாள், தொழிலில் அவளைக் குறை சொல்ல முடியாது. தங்கமயில் ஏறினாள், இறங்கினாள், வீட்டுக்குப் போனாள்.

அந்தக் கீழறையில் சம்பந்தி சுடலைவடிவு அதன்பின் இரண்டு மழைக்காலம் இருந்தாள். தங்கமயில் காலையில் ஏணியிறங்கி வந்து கஞ்சி புகட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி குடித்த பிறகு, சுடலைவடிவு இறந்தாள்.

ஷ்ருதியின் அம்மா உல்லாஸ்நகரில் இன்றும் தனியாக இருக்கிறாள். ஷ்ருதியும் கணவனும் மாமியாரும் வசிக்கும் மாதுங்கா வீட்டில் மூன்று படுக்கையறை. லிஃப்ட் உண்டு.