அடிச் சோளம்

குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கினான்.

போதும் என்று செங்கமலம் இரண்டு முறை சொல்லிவிட்டாள். அவன் நிறுத்தவில்லை.

முப்பத்தெட்டு வாத்துகள். கழுத்து பின்பக்கமாக வளைந்து, கால்கள் விறைத்து, வேலியோரம் கிடந்தன. குஞ்சுகளாக வாங்கி ஐந்து மாதம் வளர்த்திருந்தாள். போன வாரம்தான் முட்டையிடத் தொடங்கியிருந்தன.

பக்கத்துக் கொல்லைக்காரன் அவன். செய்தி கேட்டதும் மண்வெட்டியோடு முதலில் வந்தவனும் அவன்தான்.

ஏதோ நோய் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளும் அதையே நம்பினாள்.

"உங்க கோழிங்களத் தள்ளி வைங்கண்ணே. தொத்திக்கப் போவுது."

அவன் கோழிகளுக்கு ஒன்றும் ஆகாது.

அவற்றுக்குப் போட்டது வேறு சோளம்.

அறுவடைக்கு மறுநாள் மழை. களத்துச் சோளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினான். மழை விட்டதும் பிரித்துப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்திருக்க வேண்டும். தங்கைக்கு வளைகாப்பு. போய்விட்டான்.

நான்கு நாள் கழித்துத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. அடியில் பச்சைப் பூசணம்.

வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனார்.

கொட்ட மனம் வரவில்லை. அடியில் அதைப் போட்டு, மேலே நல்லதை நிரப்பி, இரண்டு மூட்டை கட்டினான்.

அந்த வாரம்தான் செங்கமலம் வாத்துக்குச் சோளம் கேட்டு வந்தாள். இரண்டு மூட்டையையும் அவளுக்கே கொடுத்தான்.

குழியில் கடைசி வாத்தையும் இறக்கினார்கள். பட்டியில் மிஞ்சிய பதினொன்று பசியில் கத்தின. அவள் கை கழுவிக்கொண்டு போய் இரண்டாவது மூட்டையை இழுத்து வந்தாள். வாய்க்கட்டை அவிழ்த்தாள்.

"அதைப் போடாதம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் மூட்டையைத் தூக்கிக் குழிக்குள் கவிழ்த்தான். முதலில் மஞ்சளாக விழுந்தது. பிறகு கட்டி கட்டியாக, பச்சையும் கருப்புமாக.

அந்த வாடை மேலே வந்தது.

"கட்டும்போதே தெரியுமா?"

மழை, வளைகாப்பு, வியாபாரி. எல்லாம் தொண்டை வரை வந்தன.

"தெரியும்" என்றான்.

வாத்துகள் கத்திக்கொண்டே இருந்தன.

அவன் வீட்டுக்கு ஓடினான். கோழிக்கு வைத்திருந்த சோளத்தைக் கூடையோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

செங்கமலம் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். டக்கென்று உடைந்தது.

பிறகு கூடையின் அடிவரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளினாள்.